திருத்த முடியாத வான்

‘புது வான் வந்த அன்று, தை’ என்று அப்பா ஒரு புகைப்படத்தின் பின்புறம் எழுதிவைத்திருக்கிறார். ஆண்டு இல்லை. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எனவே எண்பதுகளின் கடைசி என்று கொள்ளலாம். படத்தில் ஆரையம்பதி வீட்டு முற்றம், இரண்டு வாகனங்கள். ஒன்று, அம்மாவின் தம்பியான மாமா வாடகைக்கு ஓட்டிய பழைய இங்கிலாந்துக் கார். மற்றது ஜப்பான் வான். எங்கள் பக்கத்தில் காணி பெண்பிள்ளைக்குத்தான். அக்காவுக்கென்று இருந்த வட்டை வயற்காணி வாவிக்கு அக்கரையில், சண்டையால் விதைக்கப் போக முடியாமல் கிடந்தது. அதை விற்று அம்மா வாங்கிய வான் அது. அக்காவின் சீதனம் முழுவதும் அந்த நான்கு சில்லுகளின் மேல் நின்றது.

காரின் பெற்றோல் தாங்கி ஒழுகினால் மாமா சவர்க்காரம் அப்பி அடைப்பார். தீப்பொறி வராவிட்டால் அதன் தொடுமுனைகளை நெருப்புப்பெட்டியின் பக்கத்தால் உரசிவிட்டு ஓட்டுவார். புதியது பழுதே ஆகாது என்பது அப்பாவின் கட்சி. “ஆகாத வரைக்கும்தான் மச்சான்,” என்பார் மாமா.

மாசியில் ஒரு பின்னேரம் தோளில் துவக்குகளுடன் மூன்று பேர் வந்தார்கள். “ரெண்டு நாளைக்கு வான் வேணும் அண்ணன்.”

அப்படி இரண்டு நாளைக்குப் போன எந்த வாகனமும் ஊருக்குத் திரும்பியதில்லை. அம்மா வாசலில் அசையாமல் நின்றார். மாமா ஏறித் திறப்பைத் திருப்பினார். இயந்திரம் சுற்றியது, பற்றவில்லை.

“நேத்து களுவாஞ்சிகுடிக்கு ஓடினதுதானே மாமா?” என்றேன்.

“ஓம் புள்ள, ஓடினதுதான். புதுசு சொல்லிப்போட்டா சாகும்?” என்றவர் வந்தவர்கள் பக்கம் திரும்பினார். “பழசெண்டா இப்பவே உரஞ்சி ஓட்டித் தருவன். இதுக்குள்ள மூடின பெட்டி ஒண்டு கிடக்கு தம்பி. அது செத்தா கொழும்பால புதுசு வரோணும். மறுகாதான் மற்றக் கதை.”

மூவரில் ஒருவர் தான் முன்பு வாகனம் திருத்தும் கராச்சில் வேலை செய்ததாகச் சொன்னார். அவர் முன் இருக்கையைத் தூக்கிவிட்டு, அடியில் இருந்த இயந்திரத்தை வெகுநேரம் குனிந்து பார்த்தார். எதையும் தொடாத கையை மாமா துணியால் துடைத்துக்கொண்டே நின்றார்.

“ஓம், பெட்டி செத்திட்டு,” என்று கராச்சுக்காரர் நிமிர்ந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“அப்ப இந்தக் கார்?” என்றார் மற்ற இருவரில் ஒருவர்.

“அது எந்த நாளும் ஓடும்,” என்றார் மாமா. இயந்திரத்தைச் சுழற்றிக் கிளப்பும் கம்பியைத் தானே எடுத்துக் கொடுத்து, சவர்க்கார வித்தையையும் சொல்லி அனுப்பினார். கார் திரும்பி வரவில்லை. அவர்கள் புறப்படுமுன் அம்மா கராச்சுக்காரரை மட்டும் கூப்பிட்டு இளநீர் கொடுத்தார். ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எதையும் திருத்தும் மாமா ஒரு பெட்டியிடம் தோற்றுவிட்டாரே என்பதுதான் என் கவலை. புது வாகனங்கள் உதவாதவை என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

சில கிழமைகளில் வான் ஓடியது. “பெட்டி வந்திட்டு,” என்றார் மாமா. யாரும் கொழும்புக்குப் போய்வந்ததாக எனக்கு நினைவில்லை. அக்காவின் கலியாணத்தில் மாப்பிள்ளையை ஏற்றிவந்தது அந்த வான்தான். சண்டை முடிந்த பிறகும் மாமாவைக் கேட்டுப் பார்த்தேன். “அது பழுதுதான் புள்ள. புதுசுகளத் திருத்த ஏலாது,” என்றார்.

ஒரு வயர் கழற்றப்பட்டிருந்தால் கராச்சில் வேலை செய்த கண்ணுக்கு முதல் பார்வையிலேயே தெரியும் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். அவருடைய பெயர் எங்களுக்குத் தெரியாது. பிறகு என்ன ஆனார் என்பதும் தெரியாது. அன்று அந்த இருக்கையின் அடியில் அவர் கண்டது என்ன என்பதை என்னால் இன்னும் உறுதிப்படுத்த முடியவில்லை.