மீட்டர் மாட்டப் போன இடத்தில் பெண் கேட்ட கதை

குழாய்க்குள் என்ன ஓடுகிறது என்று யாரும் கவலைப்பட மாட்டார்கள். எவ்வளவு ஓடுகிறது என்று அளந்து சொல்ல வந்தவனைத்தான் திருடனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். ஃப்ளோமீட்டர் மாட்டுகிற தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, இது உங்களுக்குத் தெரியாததல்ல. மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். குழாயின் நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மீட்டரை வைத்து முடுக்குவோம். அதன் தலையில் பெட்டி மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்கும். அதுதான் டிரான்ஸ்மிட்டர். குழாயில் ஓடுவதை எண்ணாக்கி ஆபீஸ் ரூமுக்கு அனுப்புவது அதன் வேலை. அதற்கு வயர் கொடுப்பதும், கொடுத்து முடித்த பிறகு உயிரோடு இருப்பதும் என் வேலை.

நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. சித்தூர் பக்கத்து மாம்பழம் கூழாகி, டப்பாவில் அடைபட்டுக் கப்பலேறத் தொடங்கியிருந்தது. வாங்குகிற வெளிநாட்டுக்காரன் எல்லாவற்றுக்கும் அளவு கேட்டான். என் சிநேகிதர்கள் பெங்களூர், துபாய் என்று கிளம்பிப் போனார்கள். நகரியில் விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்த நான், ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு திருப்பதி வரைக்கும் போனேன். அங்கே ஒற்றை அறை ஆபீஸ், ஒரு மொபெட், ஒரு டூல்ஸ் பை. அவ்வளவுதான் என் வெளிநாடு.

பெண் தர மாட்டேன் என்றதற்குக் காரணம்

குடிபாலாவுக்குப் போகிற வழியில் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரி. புதிதாகப் போடுகிற லைன் முழுக்க எங்கள் மீட்டர்தான் என்பதால் அந்தக் கோடையில் பாதி நாள் அங்கேயே கிடந்தேன். அங்கே லேபில் கஸ்தூரி வேலை பார்த்தாள். கூழில் சர்க்கரை எவ்வளவு என்று பார்ப்பது அவள் வேலை. கூழ் எவ்வளவு என்று பார்ப்பது என் வேலை. பேச விஷயத்துக்கா பஞ்சம்? மாங்காய் சீசன் முடிவதற்குள் கல்யாணம்வரை பேசிவிட்டோம்.

ஒரே ஒரு தடை, அவளுடைய அப்பா முனிரத்தினம். அதே ஃபேக்டரியின் தலைமை எலக்ட்ரீஷியன். ஊர், உறவு, ஜாதகம் எதிலும் வில்லங்கம் இல்லை. ஆனால் விஜயபுரத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் ஜாதகமும் வந்து காத்திருந்தது. சாக்பீஸால் யாருக்கும் ஷாக் அடித்ததில்லை. "நைனா சரின்னாதான் சரி. நீயே பேசிக்கோ" என்று கஸ்தூரி கையை விரித்துவிட்டாள். நான் பேசுவதற்குள் அவரே வந்துவிட்டார். ஏணியில் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்க்காமல், என் கையிலிருந்த வயரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கரண்ட்டு கம்பிய தொட்டு சோறு துன்றவனுக்கு என் பொண்ண குடுக்க மாட்டேன். நானே அந்த வேலதான் பண்ணிக்கினு கீறேன், அதனாலதான் சொல்றேன்."

அம்புக்குறிக்கு வாஸ்து

மீட்டரின் மேல் ஒரு அம்புக்குறி இருக்கும். கூழ் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் அம்பு பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் டிரான்ஸ்மிட்டர் குழம்பிப்போய் மைனஸில் கணக்குச் சொல்லும். இது எங்கள் குழந்தைக்குக்கூடத் தெரியும் என்பீர்கள். ஃபேக்டரி முதலாளிக்கு வாஸ்து தெரியும். செல்வம் ஈசானிய மூலைக்குத்தான் ஓட வேண்டும், இந்த அம்பு நேர் எதிராகக் கன்னி மூலையைக் காட்டுகிறது, திருப்பிப் போடு என்றார். அவர் தெலுங்குக்காரர். என்னிடம் தமிழில் ஆரம்பிப்பார், கோபம் வந்தால் பாதியில் தெலுங்குக்குத் தாவிவிடுவார்.

கூழ் ஓடுகிற திசையை மாற்ற வேண்டுமானால் ஃபேக்டரியையே தூக்கித் திருப்பி வைக்க வேண்டும் என்று பணிவாகச் சொன்னேன். திருப்பி மாட்டினால் உங்கள் கூழ் எல்லாம் மைனஸில் போகும் என்றும் சொன்னேன். மைனஸ் என்ற வார்த்தை அவருக்கு உறைத்தது. முனிரத்தினம் பக்கத்தில் நின்று, நான் வளைந்து கொடுக்கிறேனா என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி மோவாயைத் தடவி யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "சரே பாபு, அம்பு அப்படியே இருக்கட்டும். அது மேல ஒரு விநாயகர் படம் ஒட்டிடு. சாமி பாக்குற திக்கு எல்லாம் நல்ல திக்குதான்."

எர்த் குழியில் வாழைக்கன்று

கசிகிற கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் சரியில்லாத மீட்டர் பொய் சொல்லும், சமயத்தில் ஆளையும் அடிக்கும். அதனால் தனியாக ஒரு குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, செம்புப் பட்டையை இறக்கி, டிரான்ஸ்மிட்டரோடு சேர்த்தேன். சித்தூர் வெயிலில் குழி காய்ந்துபோனால் எர்த்தும் போய்விடும். தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள் என்று தோட்ட வேலை பார்க்கும் பாப்பம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

அடுத்த மாதம் வந்து பார்த்தால் குழிக்குப் பக்கத்தில் ஒரு வாழைக்கன்று ஜம்மென்று நிற்கிறது. செம்புப் பட்டைக்கு மஞ்சள் குங்குமம் வேறு. பதறிப்போய் எர்த் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். நான் மாட்டிய நாளைவிட நன்றாகவே இருந்தது. கன்றுக்காக அவள் ஒரு குடத்துக்கு நாலு குடம் ஊற்றியிருக்கிறாள். நான் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் நிற்க, பாப்பம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "நீ ஊத்தச் சொன்ன தண்ணி சும்மாதான மண்ணுக்குள்ள போய்க்கினு இருந்துச்சி. இப்ப ஒரு தாரு பழமாவது வரும் இல்ல."

காளஹஸ்தியில் விசாரணை

பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பது வழக்கம். குடிப்பானா, சீட்டாடுவானா என்று கேட்பார்கள். முனிரத்தினம் காளஹஸ்திக்குச் சாமி கும்பிடப் போகிறேன் என்று பஸ் ஏறி, கோயிலுக்குப் போகும் முன் ஊர்க்கோடியில் இருந்த பால் குளிரூட்டும் நிலையத்துக்குப் போய், நான் அங்கே கொடுத்திருந்த வயரைப் பற்றி விசாரித்திருக்கிறார். ஏணி கேட்டு வாங்கி மேலே ஏறியும் பார்த்திருக்கிறார். டிரான்ஸ்மிட்டருக்குள் போகும் முன் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலேற்றியிருப்பேன். மழைத் தண்ணீர் வயர் வழியாக உள்ளே போகாமல் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். அதைத் தடவிப் பார்த்தாராம்.

அந்த நிலையத்தின் சூப்பர்வைசர்தான் பிறகு எனக்குப் போன் போட்டு இதையெல்லாம் சொன்னார். அவருக்கும் எனக்கும் முன்பு ஒரு சண்டை. பார்வையாளர்கள் கண்ணில் படட்டும் என்று மீட்டரைக் குழாயின் உச்சியில் மாட்டச் சொன்னார். அங்கே காற்று தங்கும், குழாய் நிறையாது, நிறையாத குழாயில் மீட்டர் வாய்க்கு வந்ததைச் சொல்லும் என்று நான் மல்லுக்கட்டி, பால் கீழிருந்து மேலே ஏறுகிற இடத்தில் மாட்டிவிட்டு வந்தேன். அந்தக் கோபத்தில் ஏதாவது உளறிவைத்திருப்பாரோ? என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "பையன் பேச்ச கேக்க மாட்டான், ஆனா வேல சுத்தம்னு சொன்னேன். மனுஷனுக்கே வயிறு ரொம்பினாதான் வாய்ல நெஜம் வருது, மீட்டர திட்டி இன்னா பிரயோஜனம்னும் சொன்னேன்."

சிவப்புப் பூட்டு

டிரான்ஸ்மிட்டர் மூடியைத் திறக்கும் முன் கரண்ட்டை நிறுத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நிறுத்தியது நிறுத்தியபடியே இருக்க வேண்டும் என்பதில்தான் தகராறு. கம்பெனி எனக்கு ஒரு சிவப்புப் பூட்டும், போட்டோ ஒட்டிய ஒரு அட்டையும் தந்திருந்தது. சுவிட்சை அணைத்து, மறுபடி போட முடியாதபடி பூட்டி, 'ஆள் வேலை செய்கிறார்' என்ற அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். அப்புறமும் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வயரைத் தொடுவேன். பூட்டியவனைத் தவிர வேறு யாரும் அந்தப் பூட்டைத் திறக்கக்கூடாது.

ஃபேக்டரியில் இது பெரிய மானப் பிரச்சினை ஆகிவிட்டது. உன் சுவிட்சை நாங்கள் என்ன திருடிக்கொண்டா போய்விடுவோம் என்று ஷிப்ட் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முனிரத்தினம் மட்டும் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். அதுவரை அவரை ஒரு முரட்டுப் பிடிவாதக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். பூட்டைக் கையிலிருந்து விடாமலேயே அவர் சொன்னார்: "என் தம்பி மோட்டார் பொட்டிய தொறந்து வேல பாத்துக்கினு இருந்தான்பா. அவன் கரண்ட்டுல சாவல. 'அங்க யாரும் இல்ல, போட்டு வுடு'ன்னு எவனோ ஒருத்தன் சொன்னான் பாரு, அதுல செத்தான்."

அட்டையில் இருப்பவன் வரட்டும்

புது லைனைத் தொடங்க நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தின நாள் கடைசி டிரான்ஸ்மிட்டருக்கு வயர் கொடுக்கும்போது, வயர் நுழைகிற இடத்தில் மாட்டும் ரப்பர் கிழிந்திருப்பதைப் பார்த்தேன். அப்படியே விட்டால் ஃபேக்டரியைக் கழுவும்போது தண்ணீர் உள்ளே போகும். பூட்டை அப்படியே விட்டுவிட்டு, புது ரப்பர் எடுத்து வரத் திருப்பதிக்குப் போனேன். விதி பஸ் ஸ்டாண்டில் என் அம்மா உருவத்தில் நின்றுகொண்டிருந்தது. எனக்கு வேலை கிடைத்தால் எனக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தாளாம். நகரியிலிருந்து சொந்தக்காரர்களோடு மலையேறக் கிளம்பியவள், என்னைக் கூட்டிவர ஆபீஸுக்கு ஆள் அனுப்ப இருந்தாளாம், நானே எதிரில் வந்ததும் கையோடு மலைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் திரும்பி வந்தபோது என் கையில் ரப்பர் இருந்தது, லட்டு இருந்தது, தலையில் சந்தனம் இருந்தது. முடியும் மீசையும் ஏழுமலையானிடம் இருந்தன.

ஃபேக்டரி வாசலில் மாங்காய் லாரிகள் வரிசைகட்டி நின்றன. நான் ஓடிப்போய்ச் சாவியை எடுத்தேன். முனிரத்தினம் சுவிட்ச் போர்டுக்கு முன்னால் இரண்டு கையையும் அகல விரித்து நின்றார். அட்டையிலிருந்த போட்டோவைப் பார்த்தார். அதில் எனக்கு நெற்றியை மறைக்கும் சுருட்டை முடி, கிடா மீசை. என்னைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "நான்தான் சேகர், மாமா" என்றேன். பக்கத்தில் பாய்லர் போட்ட இரைச்சலில் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. "திருப்பதி பஸ்ல இறங்கறவன் எல்லாம் மொட்டதான். சாவிய எவன் வேணாலும் எடுத்துக்கினு வருவான். பூட்டு போட்டவன் வரட்டும்" என்றார். மாமா என்று கூப்பிட்டதில் சந்தேகம் கூடியதோ என்னவோ.

மொட்டையில் என்னை முதலாளிக்கும் மற்ற ஆட்களுக்கும்கூட அடையாளம் தெரியவில்லை. முதலாளி தெலுங்குக்குத் தாவியிருந்தார். நல்ல நேரம் போகிறது, பூட்டை உடை என்று கத்தினார். முனிரத்தினம் நகரவில்லை. "அந்தப் பையன் எங்கியாவது குழாயாண்ட குனிஞ்சிக்கினு இருந்தான்னா? அவன கண்ணால பாக்காம நான் சுவிட்ச போட மாட்டேன் சார். வேணும்னா என்ன வேலைய வுட்டு அனுப்பிடுங்க" என்றார். நான் அவருக்கு எதிரில் மொட்டைத் தலையோடு நின்றிருக்கிறேன். அவரோ என் உயிரை என்னிடமிருந்தே காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இந்த மனிதருக்கு மருமகனாகவில்லை என்றால் நான் பிறந்ததே வீண் என்று தோன்றியது.

கடைசியில் லேபிலிருந்து கஸ்தூரியைக் கூப்பிட்டு வந்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கத் துப்பட்டாவை வாயில் வைத்தாள். என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஷிப்ட் ஆட்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கூடி நின்றார்கள். ஊரே கேட்க அவள் சொன்னாள்: "அவருதான் நைனா. பின்னங்கழுத்துல மச்சம் கீது, இடது காது கொஞ்சம் சின்னது."

தீர்ப்பு

பெண்ணுக்கு அந்தக் காதின் அளவு எப்படித் தெரியும் என்று அத்தனை பேரும் முனிரத்தினத்தைப் பார்த்தார்கள். அவர் போர்டை விட்டு விலகினார். நான் முதலில் ரப்பரை மாற்றினேன், வயரை முடுக்கினேன், மூடியைத் திருகி இறுக்கினேன். குழாயருகே ஆள் யாரும் இல்லை என்று நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பிறகுதான் பூட்டைத் திறந்தேன். விநாயகருக்குக் கற்பூரம் காட்டினார்கள். கூழ் ஓடியது, எண்ணும் ஓடியது. முதலாளி எல்லோருக்கும் என் லட்டையே எடுத்துப் பங்கு வைத்தார்.

முனிரத்தினம் தன் பங்கைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார். அவ்வளவு அவசரத்திலும் நான் ஒவ்வொன்றாகச் செய்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை, மீட்டரைத்தான் பார்த்தார். "வாத்தியாரு வூட்டுக்கு வேணாம்னு சொல்லி அனுப்பிடறேன். முடி மொளைக்கட்டும், அப்புறம் நாள் பாக்கலாம். கல்யாண போட்டோவுலயாவது உன்ன யாருன்னு தெரியணும்."

ஆக, சக பாவிகளே, பாதுகாப்பாக வயர் கொடுக்கக் கற்றுக்கொண்டதால் எனக்குக் கிடைத்த பலன் என்னவென்றால், எங்கள் வீட்டில் ஒரு பல்பு ஃப்யூஸ் போனாலும், மாமனார் குடிபாலாவிலிருந்து பஸ் ஏறி வந்து மெயின் சுவிட்ச் பக்கத்தில் காவல் நிற்கும்வரை குடும்பத்தோடு இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம்.