எனக்கு அவஸ்தை பூசிய நாள்

இந்த வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டேன். அலுவலகத்துக்கு வாட்ஸ்அப்பில் ‘உடம்பு சரியில்லை சார்’ என்று அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. என் நோய்க்கு உலகம் செய்த மரியாதை அவ்வளவுதான். தேனி வீட்டின் பின்னறையில் போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டு, கைபேசியில் என் அறிகுறிகளைத் தட்டித் தட்டி, குணமாகாத நோயாகப் பார்த்து ஒவ்வொன்றாக எனக்கு நானே உறுதிசெய்துகொண்டிருந்தபோது அடுக்களையிலிருந்து அந்த வாசனை வந்தது.

ஒலிவ எண்ணெய். எனக்குக் கொழுப்பு கூடிவிட்டதாக டாக்டர் சொன்னதிலிருந்து ஸ்டெல்லா அதில்தான் ரொட்டி வாட்டுகிறாள். ஊருக்கெல்லாம் அது உடம்புக்கு நல்லது. எனக்கு மட்டும் அது என் சாவின் வாசனை. சிரிக்காதீர்கள், ஒருமுறை கிட்டத்தட்டச் செத்திருக்கிறேன்.

அப்போது போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் வேலை. பெண்கள் காய் பொறுக்கித் தரம் பிரிப்பார்கள், நான் மேற்பார்வை. உண்மையில் அவர்கள்தான் என்னை மேற்பார்வை பார்த்தார்கள். வேலைக்குப் போகமுடியாத நாளில் காலை பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் போடியில் இறங்குகிற யாரிடமாவது சொல்வார், அவர் கடையில் சொல்வார். எங்கள் ஊரில் ‘சளி’ என்று பஸ் ஏறிய சேதி போடியில் ‘டைபாய்டு’ என்று இறங்கும். வேலையில் எனக்குக் கிடைக்காத பதவி உயர்வெல்லாம் என் நோய்க்குக் கிடைத்தது.

எங்கள் ஊர் கம்பம் பள்ளத்தாக்கில் கோயில் மணிக்கு எழுந்து கோயில் மணிக்குப் படுக்கிற கத்தோலிக்க ஊர். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. எனக்கும் கோம்பைப் பக்கத்து ஸ்டெல்லாவுக்கும் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவதற்கு நான் உயிரோடு இருந்தால் போதும். அந்த வாரம் பார்த்துத்தான் காய்ச்சல் வந்தது.

காலைப் பூசை முடிந்ததும் அம்மா, கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள்: “பயலுக்கு முடியல. சாமியாரு வந்து மந்திரிச்சுட்டுப் போனாகன்னா தேவல.”

தலையில் கைவைத்து ஒரு செபம், அவள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் சாமியார் புதுசு. குருமடத்திலிருந்து மடிப்புக் கலையாமல் வந்திருந்தார். எண்ணெய் பூசுவது எல்லா நோயாளிகளுக்கும் உரியது, சாகிறவர்களுக்கு மட்டுமானதல்ல என்று படித்துவிட்டு வந்திருந்தார். அவர் படித்தது சரிதான். ஊர் அதைப் படிக்கவில்லை. எங்கள் ஊரில் அந்த எண்ணெய்க்குப் பெயர் அவஸ்தை. அவஸ்தை கொடுத்தால் அடுத்து அடிப்பது துக்க மணி.

கண்ணைத் திறந்தால் ஸ்டூலில் வெள்ளைத்துணி, அதன்மேல் சிலுவையில் பாடுபட்ட சுரூபம், இரண்டு பக்கமும் மெழுகுவத்தி. சாமியார் கையில் சின்ன டப்பாவில் ஒலிவ எண்ணெய்.

“பயப்படாதீங்க தம்பி, இது ஆறுதலுக்காக” என்றார்.

பூசை உடுப்போடு ஒருவர் கட்டிலருகே நின்று பயப்படாதே என்றால் எப்படிப் பயப்படாமல் இருப்பது? நெற்றியில் பூசினார். உள்ளங்கைகளை விரிக்கச் சொன்னார். பெரிதாகப் பாவம் செய்ய இன்னும் வாய்ப்பே கிடைக்காத கைகள் அவை. அந்த வருத்தம் வேறு. காய்ச்சலுக்குப் பார்த்த டாக்டர் என்னிடம் மறைத்ததை அம்மாவிடம் சொல்லிவிட்டார் என்று நினைத்து அம்மாவைப் பார்த்தேன். அவளோ எண்ணெயைக் கண்டதும், சாமியார் எதையோ தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார் என்று அழ ஆரம்பித்தாள். அவள் அழுததும் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது. வாட்ச்சைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்தேன். ‘ஏண்ணே இப்படியெல்லாம்’ என்று அழுவான் என்று எதிர்பார்த்தேன். வாங்கிக் கட்டிக்கொண்டான்.

சாமியார் தெருமுனை தாண்டுவதற்குள் ஊர் வீட்டுக்குள் இருந்தது.

“ஏலே, என்னயத் தெரியுதாலே?” என்று ஒவ்வொருவராகக் குனிந்து கேட்டார்கள். தெரிகிறது என்றேன். அதற்கும் அழுதார்கள். “ரெண்டு ஓல வாசிச்சாச்சே ஆத்தா!” என்று கால்மாட்டில் ஒருத்தி ராகம் எடுத்தாள். பெட்டி செய்கிற ஆசாரி வந்தார். தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை ஒரு பார்வை பார்த்தார், அகலத்துக்கு ஒரு பார்வை. நான் மெதுவாகக் காலை மடக்கிக்கொண்டேன்.

சாவைவிட எனக்குப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இந்தச் சேதியும் பஸ் ஏறியிருக்கும். கோம்பைக்குப் போய் இறங்கும்போது அது என்னவாக இருக்கும்?

மத்தியான பஸ்ஸிலேயே ஸ்டெல்லாவின் அப்பா வந்துவிட்டார். திராட்சைத் தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே வந்திருந்தார், சட்டையெல்லாம் நீலப்புள்ளி. கூட்டம் சட்டென்று வழிவிட்டது. அங்கே அவர் வீட்டில் சொந்தக்காரர்கள் கூடி, மூன்றாவது ஓலையை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பவே எழுந்துவிட்டார்களாம். ஸ்டெல்லாதான் வாசலை மறித்துக்கொண்டு, “எங்கப்பா போயிப் பாத்துட்டு வரட்டும். பாக்காம ஆரும் ஒண்ணுஞ் சொல்லாதீக” என்றிருக்கிறாள். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது நான் பார்த்தது, கல்யாணத்தை முறிக்க வந்த மனிதரின் முகம்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துச் சூடு பார்த்தார்.

“மாப்ள, பசிக்குதா?”

“பசிக்குது மாமா.”

“என்னா திங்கணும்போல இருக்கு?”

கஞ்சியும் ரொட்டியுமாகச் செத்திருந்த என் நாக்கு, என்னைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது: “கருவாட்டுக் கொழம்பு.”

அவர் அம்மா பக்கம் திரும்பினார். “மதினி, அழுகய நிறுத்திட்டுக் கொஞ்சம் ரசஞ்சோறு கரைச்சுக் குடுங்க. கருவாட்டக் காச்சலு விட்டதும் பாத்துக்கிருவோம்.” பிறகு கூட்டத்தைப் பார்த்தார். “ஞாயித்துக்கெழம மூணாவது ஓல வாசிக்காக. எல்லாரும் அங்கன வாங்க. இங்கன காத்து வரட்டும்.”

யாரும் போகவில்லை. ஆனால் அழுகை நின்றது. காப்பி போட்டார்கள். ஆசாரி, தம்பியின் கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். ஒருவர் என் சாவுக்காக ஒத்திகை பார்த்திருந்த ஒப்பாரியைச் சொல்லிக் காட்ட, நானே சிரித்துப் புரையேறி, அதற்கும் எல்லோரும் ஒரு கணம் பயந்தார்கள். அன்று சாயங்காலம் வேர்த்துக் காய்ச்சல் விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள். அதற்கப்புறம் ஊரில் தும்மினவர்கள்கூட எண்ணெயோடு வரச் சொல்லிச் சாமியாருக்கு ஆள் அனுப்பியது தனிக்கதை.

இப்போதெல்லாம் ஊரில் முடியாதவர்கள் பெயர் கோயில் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள்.

“உங்க பேரயும் போடவா?” என்று ஸ்டெல்லா கேட்டாள். வேண்டாம் என்றேன். மத்தியானம் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. எழுந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டேன். மாடி வீட்டுக்குப் பார்சல்.

மாமனார் கடைசியாகப் படுத்தது மதுரையில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால். ஒருவருக்குத்தான் அனுமதி. கோம்பையிலிருந்து வேன் பிடித்து வந்தவர்களைக் கீழே வாசலிலேயே நிறுத்தி, “ஐசியூல யாரையும் விடமாட்டேங்கிறாக” என்று சொன்னது நான்தான். கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தை என் கையில் கொடுத்துவிட்டு, எல்லோரும் அண்ணாந்து கட்டடத்தைப் பார்த்தார்கள்.

“எந்த சன்னலு மாப்ள?” என்று ஒரு பெரியவர் கேட்டார்.

அந்த அறைக்குச் சன்னலே கிடையாது. ஏதோ ஒன்றைக் காட்டினேன். அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வேனில் ஏறினார்கள்.