முன்னால் போகாத அம்மா

எங்கள் ஊர்க் கோயிலில் மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை ஆராதனை, ஆண்டவரின் உடலாக அப்பம் கொடுக்கும் நாள். பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம். பக்கத்து ஊரிலிருந்து பைக்கில் வந்து இறங்கும்போது அவர் சட்டையெல்லாம் கரிசல் புழுதியாக இருக்கும். வெள்ளை அங்கியை மாட்டியதும் அத்தனையும் மறைந்துவிடும்.

அப்பம் கொடுக்கும் முன், யாரோடாவது மனக்கசப்பு இருந்தால் முதலில் போய் ஒப்புரவாகிவிட்டு வாருங்கள் என்று சொல்வார். ஊரில் பாதிப் பேர் மீதிப் பேரோடு பேசுவதில்லை. ஆனாலும் எல்லோரும் எழுந்துபோய்ப் பீடத்தின் முன் முழங்கால் போடுவார்கள். டீக்கடையில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்ட என் அப்பாவும் பெரியப்பாவும்கூடப் பக்கத்தில் பக்கத்தில் கையேந்துவார்கள்.

இரண்டு பேர் மட்டும் எழுந்திருக்க மாட்டார்கள். முன்பாயில் என் அம்மா, கடைசிப் பாயில் அம்மாவின் அக்காள், என் பெரியம்மா. இருவரும் வேலைக்குப் போகும் தீப்பெட்டி ஆபீஸ் வேனிலும் அப்படித்தான், ஒருத்தி முன்சீட்டு, ஒருத்தி கடைசிச் சீட்டு.

பெரியம்மாவின் ஆடு எங்கள் உளுந்தில் மேய்ந்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அம்மா தெருவில் நின்று, "ஒரு பிள்ளய வளத்திருந்தால்லா பயிரோட அரும தெரியும்" என்று சொல்லிவிட்டாள். பெரியம்மாவுக்குப் பிள்ளை கிடையாது. அவள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு போனாள். அதுவரை அவள் மடியில் வளர்ந்தவள் நான். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் எனக்குப் போக்குவரத்து இல்லை.

எட்டாம் வகுப்பு முடித்த கோடையில் எனக்குத் திடப்படுத்தல். கோவில்பட்டிக்கு வேனில் கூட்டிப்போனார்கள். பேராயர் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பினார். இனி நானும் அப்பம் வாங்கலாம். பெரிய மனுஷி ஆகிவிட்ட நினைப்பு எனக்கு. அந்த முதல் நற்கருணைக்கு அம்மா என் பக்கத்தில் முழங்கால் போட வேண்டும், அந்த ஒரே ஆசைதான். மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாம் வருகிறார்கள் என்று அழுது பார்த்தேன்.

"அக்கா மொகத்தப் பாத்து ஒரு வார்த்த பேச எனக்குத் தைரியம் இல்ல. ஆண்டவர் முன்னால மட்டும் எப்பிடிட்டி போயி நிப்பேன்?" என்றாள்.

"அப்பா போறாவல்லா?"

"அது அவியளுக்கும் ஆண்டவருக்கும் உள்ளது. நீ போயிட்டு வா, தாயி."

போனேன். வெள்ளைப் பாவாடையும் முக்காடுமாகத் தனியே முழங்கால் போட்டேன். உள்ளங்கையில் அப்பம் வந்து விழுந்தபோதும் நான் அம்மாவைத்தான் திரும்பிப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்திருந்தாள். ஆறு மாதம் திடப்படுத்தல் வகுப்புக்குப் போய் வசனமெல்லாம் ஒப்புவித்த எனக்கு, அம்மாவுக்கு விசுவாசம் போதாது என்றுதான் பட்டது. அவளுக்காகக் கொஞ்சம் ஜெபமும் செய்துவைத்தேன்.

ஆராதனை முடிந்து அம்மா முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டாள். செருப்புத் தேடிக்கொண்டிருந்த என் கையை யாரோ பிடித்தார்கள். பெரியம்மா.

"அப்பத்த இந்தக் கையிலதான வச்சாவ?"

"ஆமா, பெரிம்மா."

உள்ளங்கையை விரித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். கை ஈரமாகிவிட்டது. உடனே வேகமாக நடந்துவிட்டாள்.

வீட்டில் அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வந்து, என் கையை எடுத்து அதேபோலக் கண்ணில் ஒற்றினாள்.

"பெரிம்மாவும் இப்பிடித்தாம்மா ஒத்திக்கிட்டாவ" என்றேன்.

அம்மா அப்படியே நின்றாள். பிறகு என் கையைத் திரும்பவும் முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, விடவே இல்லை. அவள் தோள் குலுங்கியது. அக்காளுக்காக அவள் எவ்வளவு ஏங்கிக் கிடந்தாள் என்பதோ, அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த நற்கருணை அதுதான் என்பதோ அப்போது எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை.

"கைய விடும்மா, பசிக்கி" என்று இழுத்துக்கொண்டு தட்டை எடுக்கப் போனேன்.