ஓட்டைக்கல்லுக்கு நாற்பது நிமிஷம்

அவித்த முட்டையும் ஆட்டிறைச்சிக் கறியும் வெயிலில் காய்ந்த வான் வண்டிச் சீட்டும் ஒன்றாகக் கலந்தால் என்ன நாற்றம் வரும் என்று எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். இன்றைக்கும் யாராவது ‘ட்ரிப் போவமா’ என்று கேட்டால் முதலில் அந்த நாற்றம்தான் தொண்டைக்குள் வந்து நிற்கிறது, மற்றதெல்லாம் பிறகுதான்.

அது அம்மாவின் ஆசை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு எல்லோரும் மறந்துபோனது இதைத்தான். நாங்கள் ஊர்விட்டு இந்த நாட்டுக்கு வந்த புதிது; அம்மா அப்போது புக்கெகோஹி என்ற பக்கத்து ஊரில் வெங்காயம் தரம்பிரித்துப் பொதிசெய்யும் இடத்தில் வேலை செய்தாள். அங்கே சாப்பாட்டு அறையில் தொங்கிய கலண்டரில் ஒரு மாதத்துப் படம்: கருமணல் மேடுகள், அவற்றின் முடிவில் காற்றுக் குடைந்த ஒரு பெரிய கல், அதன் நடுவில் ஆள் நிற்கக்கூடிய ஓட்டை, ஓட்டைக்குள்ளால் வானம். மாதம் முடிந்ததும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிவந்து ஹில்ஸ்பரோ வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினாள். மேற்கே ஒரு மணித்தியால ஓட்டம், இறங்கி நாற்பது நிமிஷ நடை, சின்னப் பிள்ளைகளும் நடக்கலாம் என்று வேலையிடத்தில் சொல்லியிருந்தார்களாம். எங்கள் வீட்டில் அதற்கு ‘ஓட்டைக்கல்’ என்றும் அந்த மணல்வெளிக்குப் ‘பாலைவனம்’ என்றும் பெயர் விழுந்தது.

“ஒருக்கா அந்த ஓட்டைக்குள்ள நிண்டு பாக்கவேணும்” என்றாள் அம்மா. அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் கண்டது அந்த ஒருமுறைதான். பழைய சாமான் கடையில் ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து வாங்கி, பின்னேரங்களில் எங்கள் தெரு ஏற்றத்தில் ஏறி இறங்கிப் பழகினாள்.

பிறகு சிவம் மாமா வந்து சேர்ந்தார். அப்பாவின் சிநேகிதர், ஊரில் றோட்டு வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தவர். இங்கே அந்த வேலை கிடைக்காத கோபத்தையெல்லாம் அடுத்தவர் வீட்டு அலுவல்களை மேற்பார்வை செய்து தீர்த்துக்கொண்டவர். நடை நாற்பது நிமிஷம்; அதற்குத் திட்டம் போட மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். எங்கள் கார்ப்பெட்டில் சப்பணம்கட்டி இருந்து, தாளில் கோடு போட்டு, யார் வீட்டில் சோறு, யார் வீட்டில் கறி, கத்தரிக்காய்க் குழம்பு காணுமா, றோல்ஸ் தலைக்கு எத்தனை என்று விவாதித்தார்கள். அம்மா தேத்தண்ணி கொடுத்தபடியே “நடக்கேக்க கொண்டுபோகத் தண்ணி?” என்று கேட்டாள். ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஐந்து குடும்பம், இரண்டு வான், ஏழு சட்டிபானை. ஒரு கல்லைப் பார்க்கப் போகிறவர்களா, கலியாணவீட்டுக்குப் போகிறவர்களா? கோதாரி!

வாகனம் நிறுத்துமிடத்தில் இறங்கியதும் கடற்காகங்கள் சுற்றிக்கொண்டன. ஒன்று றோல்ஸ் பெட்டியிலேயே வந்து குந்தியது. அப்போதுதான் ஓவசியரின் மூளைக்கு எட்டியது, வெயிலில் வானுக்குள் பூட்டிவைக்க முடியாத சாப்பாட்டுக்கு யார் காவல் என்று தாளில் எழுதவில்லையென்று. ஒரு கணம்கூட யோசிக்கவில்லை அந்த மனிசன்.

“பொம்பிளையள் இதில நிண்டு பாக்கட்டும். நாங்கள் பிள்ளையளோட கெதியாப் போட்டு வாறம்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். கலண்டர்த் தாள் அவருக்கும் தெரியும், சப்பாத்தும் தெரியும். “நில்லுமன், பிறகொரு நாளைக்கு வருவம்” என்றார். அம்மா சரியென்று தலையாட்டிவிட்டு என்னைக் குனிந்து பிடித்து, “நீ வடிவாப் பாத்துக்கொண்டு வந்து எனக்குச் சொல்லு, என்ன?” என்றாள்.

மணல் காலைச் சுட்டது, குடிக்கத் தண்ணீர் இல்லை, சிவம் மாமா வழிநெடுக ஏப்பம் விட்டுக்கொண்டும் துப்பிக்கொண்டும் வந்தார். கல்லடிக்குப் போனதும் “இதுக்கோ இவ்வளவு தூரம்? வெறும் கல்லு!” என்று சொல்லி அதன் அடியிலேயே சலத்துக்கு ஒதுங்கினார். சீ! ஆனால் நான் ஓட்டைக்குள் ஏறி நின்றேன். உள்ளே குளிர்ச்சி, காற்று இரைந்தது, அந்தப் பக்கம் கடல் முழுதாகத் தெரிந்தது. நான் கத்திய சத்தம் எனக்கே திரும்பி வந்தது.

திரும்பி வந்தபோது அம்மா ஒரு கையில் தடியோடு கடற்காகம் கலைத்துக்கொண்டு நின்றாள். சப்பாத்து வெள்ளையாகவே இருந்தது. “எப்பிடிப் பிள்ளை இருந்தது?”

எனக்குப் பசி. காலும் எரிந்தது. பெரியவர்கள்போல் கதைக்கும் ஆசையும் இருந்திருக்கும்.

“வெறும் கல்லுத்தானம்மா” என்றேன்.

“அப்பிடியே?” என்று கேட்டுவிட்டு எனக்குச் சோறு போட்டாள். சிவம் மாமா மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டு, பல்லைக் குத்தியபடி, “பொம்பிளையள் வராததும் நல்லதாப் போச்சு, மணல் என்ன சூடு!” என்று சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவரை நினைத்தால் வருகிற அருவருப்பைவிட அந்தச் சிரிப்பை நினைத்தால் வருவது கூடுதல். மறுநாள் அம்மா அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெங்காய வேலைக்குப் போனாள். கொஞ்ச நாளில் ஃபிரிட்ஜில் படமும் இல்லை.

‘பிறகொரு நாள்’ வரவேயில்லை. வீட்டு மோட்கேஜ், என் படிப்பு, என் கலியாணம், அப்பா வருத்தமாய்ப் படுக்கையில் விழுந்தது, அவருடைய செத்தவீடு. ஒரு மணித்தியால ஓட்டம், முப்பது வருஷம்! நான் மனுகாவில் வேலைக்குப் போய்வருகிற நேரத்தைக் கூட்டினால் அங்கே எத்தனை தரம் போய் வந்திருக்கலாம். தூ, நானும் ஒரு மகள்.

போன மாதம் ஒருவழியாகத் திட்டம் போட்டேன். நானும் அம்மாவும் மட்டும், இரண்டு போத்தல் தண்ணீர், ஆளுக்கொரு சாண்ட்விச், அவளுடைய முழங்காலுக்கு ஒரு ஊன்றுகோல். பாதை திறந்திருக்கிறதா என்று ஃபோனில் பார்த்தேன். மழைக்கால மண்சரிவில் ஓட்டைக்கல் இடிந்து விழுந்துவிட்டது, பாதை மூடியாயிற்று என்று அறிவித்தல் போட்டிருந்தார்கள்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். ரீவி பார்த்துக்கொண்டிருந்தவள் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள்.

“இதுக்கேன் பிள்ளை அழுறாய்?” என்றாள். “வெறும் கல்லெண்டு நீதானே வந்து சொன்னனீ.”