மாப்பிள்ளை ஏறாத வேன்

என் அண்ணன் தன் கல்யாணத்தன்று அப்பாவின் வேனில் போக ஆசைப்பட்டான். அதை நான் கெடுத்தேன். ஒரே மாலையில் இரண்டு பொய் சொல்லிக் கெடுத்தேன்.

மூன்று ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் அப்பாவைப் பார்க்கப்போவதில்லை என்ற தைரியம்தான்... வேறென்ன!

பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் வீடு. அப்பா செனாவாங் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுபவர். வேனின் இரண்டு பக்கமும் மலாய் மொழியில் 'பாஸ் பெக்கர்ஜா' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். தொழிலாளர் வண்டி என்று ஊருக்கே அறிவிக்கும் எழுத்து. அந்த வேனில்தான் நான் பள்ளிக்குப் போனேன். அண்ணன் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டு அதே தொழிற்சாலையில் சேர்ந்தான். நான் பட்டம் வாங்கினேன், எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக.

அதனால்தான் கல்யாணத்துக்கு வண்டி ஏற்பாடு என் கையில் வந்தது. "படிச்ச புள்ள நீ, டைம் எல்லாம் கரெக்டா போடுவ லா" என்றான் அண்ணன். "ஆனா ஒண்ணு, தங்கச்சி. மாப்பிள்ளை கார் எல்லாம் வேணாம். அப்பா வேன் ஓட்டணும், நான் பக்கத்துல உக்காரணும். முன்னால ரெண்டு வாழைக்கன்னு. போதும்."

நான் சிரித்துத் தலையாட்டினேன். ஆனால் என் கண்முன் நின்றது பெண்வீட்டார்தான். ரஹாங்கில் பெரிய வீடு, படித்த குடும்பம். மண்டப வாசலில் அவர்கள் ஆரத்தித் தட்டோடு நிற்க, அந்தக் கொட்டை எழுத்து வந்து நிற்பதா! என் பெருமை அதைத் தாங்கவில்லை.

யாருடைய கல்யாணம் அது? என்னுடையதா?

அன்று மாலை அண்ணனிடம் சொன்னேன்: "அப்பாவுக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லண்ணே. அன்னிக்கு ஓட்டப் பயமா இருக்காம். உன்கிட்ட சொல்ல வெக்கப்படுறாரு. நீ கேட்டுடாத." பிறகு பின்பக்கம் போனேன். அப்பா வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். "பொண்ணு வீட்டு முன்னால அண்ணனுக்குச் சங்கடமா இருக்காம்ப்பா. வாடகைக் கார் கேக்குது. உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க."

அப்பா குழாயை மூடினார். "அதுவும் சரிதானம்மா" என்றார்.

என் பொய் நின்றது என் சாமர்த்தியத்தால் அல்ல. ஒருவர் மனம் நோகக் கூடாது என்று மற்றவர் கேட்காமலேயே இருந்ததால் நின்றது.

கல்யாணக் காலையில் வெள்ளைக் கார் வந்தது, ரிப்பன் கட்டி, பூ ஒட்டி. அப்பா சட்டைப் பையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்தார். வேனுக்காக வாங்கி வைத்தவை. குனிந்து, அந்தக் காரின் நான்கு சக்கரத்துக்கும் அடியில் ஒவ்வொன்றாக வைத்தார். கார் நகர்ந்தது. பழங்கள் நசுங்கும் சத்தம் கேட்டது... நான் தலையை நிமிர்த்தவே இல்லை.

சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு அப்பா வேனில் பின்னால் வந்தார். அவர்களை முன்தெருவில் இறக்கிவிட்டு, வேனை மட்டும் எங்கோ ஒரு பின்சந்துக்குக் கொண்டுபோனார். அதை நான் சொல்லவில்லை! மகனுக்காக அவரே ஒளித்தார். அங்கிருந்து வெயிலில் நடந்து வருவதற்குள், பெண்வீட்டார் அவருக்குப் போட வேண்டிய சம்பந்தி மாலை சித்தப்பா கழுத்தில் விழுந்துவிட்டது. நல்ல நேரம் போகிறதே என்று யாரோ அவசரப்பட்டார்களாம். நேரப்பட்டியல் போட்டவள் நான்.

மணவறையிலிருந்து அண்ணன் கூட்டத்தில் அப்பாவைத் தேடியதைப் பார்த்தேன். ஓட்டப் பயம் என்றவர் வேன் ஓட்டி வந்ததையும் மாலைக்கு வராததையும் சேர்த்து, இந்தச் சம்பந்தம் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று அவன் அன்று நினைத்தான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறான்.

இப்போது அண்ணனிடம் சொந்தக் கார் இருக்கிறது. அப்பா அதில் ஏறுவதில்லை. போன மாதம் அண்ணன் குழந்தைக்குக் காதுகுத்து. அழைத்துப்போக வந்தவனிடம், "நீ முன்னால போப்பா, நான் தங்கச்சியோட வர்றேன்" என்றார்.

என் காரில் போகும் வழியில், ஒரு சிவப்பு விளக்கில், வாயைத் திறந்தேன். "அப்பா... அன்னிக்கு அந்த வேன் விஷயம்..."

"அதை ஏம்மா இப்ப?" அவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "நீ மட்டும் காதுல போடலன்னா, நான் பாட்டுக்கு வாழைக்கன்னைக் கட்டிக்கிட்டு சபையில போய் நின்னுருப்பேன். புள்ளைக்கு எவ்ளோ தலைக்குனிவு! படிச்ச புள்ள, நீதான் காப்பாத்துன."

விளக்கு பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"ம்" என்றேன்.

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்... இல்லை, வண்டியை ஓரமாக நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்பாவுக்கு மகன் திரும்பக் கிடைப்பான். ஆனால் 'படிச்ச புள்ள' என்று என்னைப் பார்க்கும் அந்தப் பார்வை போய்விடும். எது பெரியது? விடை எனக்குத் தெரியும். தெரிந்தும் வண்டியை ஓட்டினேன்.

கோயிலில் அப்பா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். குழந்தையைத் தூக்கி வைத்திருந்த அண்ணன் என்னிடம் வந்தான்.

"அப்பா ஏன் அங்க போய் உக்காந்திருக்காரு? எம்மேல என்னதான் கோவம்? நீ கேளேன், தங்கச்சி. உன்கிட்டதான் மறைக்காம சொல்வாரு."

"கேக்குறேண்ணே" என்றேன்.