டாக்டர் பேருக்குள்ள ஒளிஞ்சிருந்த பழைய முகவரி

கடலூர்ல ஒரு லேபுல ரிப்போர்ட் அனுப்புற வேலை பார்த்தேன். அங்க நடந்த ஒரு கூத்தை நெனைச்சா எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறல.

துறைமுகம் பக்கத்துலேருந்து ஒரு அக்கா வந்தாங்க. மீன் விக்கிறவங்க. மார்ல கட்டி. பயாப்ஸி ரிப்போர்ட்டை சிதம்பரத்துல இருக்கிற ஆபரேஷன் டாக்டருக்கு நாங்க மெயில்ல அனுப்பணும். அதைப் பார்த்துட்டுத்தான் அவரு தேதி குடுப்பாரு. கையில பேப்பர் குடுக்கிறதை எங்க மேனேஜர் நிறுத்திட்டாரு. "எல்லாம் மெயில்ல போயிடும், பேப்பர் எதுக்கு?"ன்னு பெருமை வேற.

அந்த டாக்டரோட மெயில் முகவரி மாறிடுச்சுன்னு ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துது. என் கம்ப்யூட்டர் அட்ரஸ் புக்குல அன்னிக்கே மாத்திட்டேன். மறுநாள் ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் பேரைத் தட்டி அனுப்பினேன். ஸ்கிரீன்ல பேரு மட்டும்தான் தெரியும், முகவரி தெரியாது. அக்கா பஸ் புடிச்சு சிதம்பரம் போயி, சாயங்காலம் வரைக்கும் உக்காந்துட்டு, "ரிப்போர்ட் வரலைன்றாங்கம்மா"ன்னு திரும்பி வந்தாங்க.

பேரைத் திறந்து பார்த்தா, குத்துக்கல்லாட்டம் பழைய முகவரி உக்காந்திருக்கு! திரும்ப மாத்தி, திரும்ப அனுப்பினேன். அதுவும் போய்ச் சேரல. அக்காவுக்கு இன்னொரு நாள் யாவாரம் போச்சு.

அப்பத்தான் தோண்டிப் பார்த்தேன். மெயில் சர்வர்ல ஆபீஸ் மொத்தத்துக்கும் பொதுவா ஒரு முகவரிப் பட்டியல் இருக்கு. நான் சென்ட் அமுக்குறப்பல்லாம் அது வந்து என் திருத்தத்தை அழிச்சிட்டுப் பழசை வெச்சுட்டுப் போகுது. அப்படி அழிக்கச் சொல்ற செட்டிங்ல இருந்த டிக்கை எடுத்தேன். கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா டிக் திரும்பவும் வந்து நிக்குது! டாக்டரோட பழைய மெயில் பெட்டியையும் யாரும் மூடல. அதனால அனுப்பினது திரும்பியும் வரல, ஆள் இல்லாத பெட்டியில போய் விழுந்துக்கிட்டே இருந்திருக்கு.

கம்ப்யூட்டர் பார்க்கிற ஆளுக்குப் போன் போட்டேன். "சர்வர் கரெக்டா இருக்கு மேடம், உங்க அட்ரஸ் புக்கைப் பாருங்க"ன்னாரு.

"அதைக் கெடுக்கிறதே உங்க சர்வர்தான் சார்!"

"பொதுப் பட்டியல்ல கை வெக்கணும்னா மேனேஜர் சொல்லணும்."

மேனேஜர்கிட்ட போனா, "சின்ன விஷயத்தை ஏம்மா பெருசாக்குற?"ன்னாரு. சின்ன விஷயமாம்!

பட்டியலையே தொடாம, முழு முகவரியையும் கையால அடிச்சு அனுப்பிட்டு, சிதம்பரத்துக்குப் போன் போட்டு வந்துதான்னு கேட்டேன். வந்துடுச்சு. படிச்சுப் பார்த்துட்டுக் கூப்பிட்டாங்க: புத்துநோய்க் கட்டி, சீக்கிரம் எடுக்கணும், ஆனா இந்த வாரம் தேதி எல்லாம் போயிடுச்சு, அடுத்த வாரம்தான்.

"தள்ளிப் போனதை நீங்களே அந்த அக்காகிட்ட சொல்லுங்க"ன்னு நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரையும் போட்டு, போனை மேனேஜர் கையில திணிச்சேன். மனுஷன் நெளிஞ்சுக்கிட்டே, "சிஸ்டத்துல ஒரு சின்னப் பிரச்சனைம்மா, அதான் லேட்டு"ன்னாரு.

அந்தப் பக்கம் அக்கா கத்தக்கூட இல்ல. "கட்டி சிஸ்டத்துக்கா வந்துது சார்? எனக்குல்ல வந்திருக்கு"ன்னாங்க.