பதினான்காம் எண் பாட்டில்

நாட்டின் வளர்ச்சியில் பல்கலைக்கழகங்களின் பங்கு பற்றிப் பேச ஒரு கல்லூரியில் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு நாளாக முதல் வரி வரவில்லை. எழுத்து வராவிட்டால் எனக்கு ரசம் வைக்கும் பழக்கம் உண்டு. வீட்டில் அந்த ரசத்தைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது. பெருங்காயத்தூளைத் தேடி எடுத்தால், அது இருந்த வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலில் என் கையெழுத்தில் 14 என்று இருந்தது.

அந்த எண்ணை எழுதியபோது நான் ஆராய்ச்சி மாணவன். கடத்தூர்ப் பக்கத்துக் குடிதண்ணீரில், பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடு எவ்வளவு என்பது ஆய்வு. மொரப்பூரில் ரயிலைவிட்டு இறங்கி, பை நிறையக் காலி பாட்டில்களோடு பஸ் ஏறுவேன். இன் பண்ணிய சட்டை, விஞ்ஞானி என்ற நினைப்பு. பக்கத்து சீட்டுக்காரர் பையைப் பார்த்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் என்ன விலை என்று கேட்டார்.

அங்கே ஒரு கிராமத்தில் ஆரோக்கியமேரி அக்கா வீட்டெதிரே போர் பம்பு. ஊரே அதைத்தான் குடித்தது. மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த பழைய கிணறு எருமை கழுவ. இரண்டிலும் தண்ணீர் பிடித்தேன். அக்காவின் மூத்த பெண்ணுக்குப் பல்லெல்லாம் பழுப்புக் கறை. வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். இடுப்பிலிருந்த சின்னவளுக்கு அப்போதுதான் பால்பல் முளைத்திருந்தது.

நான் விடுவேனா? ஆராய்ச்சி மக்களுக்கு எப்படியெல்லாம் பயன்படும் என்று அரைமணி நேரம் விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரிங்க தம்பி. எந்தத் தண்ணிய குடிக்கலாம்னு மட்டும் வந்து சொல்லிருங்க. சின்னதுக்காவது பல்லு நல்லாருக்கட்டும்."

பத்து நாளில் வருகிறேன் என்றேன்.

முடிவும் சீக்கிரமே வந்தது. பம்புத் தண்ணீர் ஆகாது. பதினான்காம் எண், கோயில் கிணறு, நல்ல தண்ணீர். முதலில் கட்டுரை வெளிவரட்டும் என்று இருந்தேன். அப்புறம் ஆய்வேடு, அப்புறம் வேலை, அப்புறம் கல்யாணம். இந்த முடிவுகளை மக்களிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்று ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் ஆங்கிலத்தில் பரிந்துரை வேறு செய்திருந்தேன். யார் கொண்டுசெல்வது என்று எழுதவில்லை. தேர்வாளர் அந்த வரியைத்தான் ரொம்பவும் பாராட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எட்டு வருடம் கழித்துக் கடத்தூரில் ஒரு கல்யாணம். வெட்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. கோயில் கிணறுதான் நல்ல தண்ணீர் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"அதப் போன வருசந்தான் மண்ணப் போட்டுத் தூத்துட்டாங்க தம்பி. யாருமே குடிக்கறதில்லன்னு" என்றார் அக்கா.

சின்னவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பேர் கேட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்.

இப்போது அந்த ஊருக்குக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிறது. அதில் என் பங்கு எதுவுமில்லை. கிணறு இருந்த இடத்தில் சிமெண்ட் மேடை போட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு நல்ல கிணறு அங்கே இருந்ததற்கு என் ஆய்வேடு ஒன்றுதான் சாட்சி. அதை இதுவரை யாரும் நூலகத்திலிருந்து எடுத்துப் படித்ததாகத் தெரியவில்லை.